மறைப்பும் வெளிச்சமும்: நிலாவெளி வீட்டு யன்னல்களின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, சீனக்குடாவுக்கு அப்பால் கிடக்கிறது தம்பலகாமக் குடா. ஆழம் குறைந்தது, அடியெல்லாம் சேறு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களாலும் ஆதிகோணநாயகர் கோயிலாலும் தம்பலகாமத்தை நாங்கள் அறிவோம். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரை லண்டன் வரை கொண்டுபோனது அந்தச் சேற்றில் வாழ்ந்த ஒரு சிப்பி.

வட்டமான, தட்டையான, மிக மெல்லிய சிப்பி அது. வளர்ந்தது ஓர் உள்ளங்கையை நிறைக்கும். ஓட்டைக் கழுவி வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரியாது. உயிரியலார் இதைப் பிளக்கூனா பிளசென்டா என்று குறிப்பார்கள். ஆங்கிலேயர் யன்னல் சிப்பி என்றார்கள். கோவாவில் போர்த்துக்கேயர் காலத்து வீடுகளிலும் தேவாலயங்களிலும் இதே ஓட்டைச் சதுரமாக நறுக்கி, மரச்சட்டத்தின் வரிப்பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தினார்கள். அந்த யன்னல்களில் சில இன்றும் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டின் பழைய வீடுகளிலும் இதே சிப்பி யன்னல்தான்; அங்கே அதைக் காப்பிஸ் என்பார்கள்.

தம்பலகாமத்தில் குத்தகைக்காரர் தேடியது முத்தை. அரசாங்கம் குடாவைக் குத்தகைக்கு விட்டது. எடுத்தவர் சிப்பியைப் பிளந்து முத்தைப் பார்த்தார். அந்த முத்தில் பெரும்பகுதி நகைக்கு உதவாத பொடி. அது இந்தியாவுக்குப் போய், சுடப்பட்டு, செல்வந்தர் வெற்றிலையோடு போடும் சுண்ணாம்பானது, மருந்துக்கும் போனது. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் பிரெட்ரிக் கெலாட் 1850களின் பிற்பகுதியில் இந்தச் சிப்பியை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி ஒரு கோடியே 80 லட்சத்துக்குக் குறையாது என்ற கணக்கு அக்காலத்துப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டின் நூலில் இருக்கிறது. 1906இல் கடல் உயிரின ஆய்வாளர் ஜேம்ஸ் ஹோர்னல் தம்பலகாமத்து முத்துக்குளிப்பைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார்.

2014இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இந்த ஓட்டைச் சோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கல்சைட் என்ற சுண்ணக் கனிமமாக இருந்தும், விழும் ஒளியில் ஏறக்குறைய 80 வீதத்தை அது உள்ளே விடுகிறது. ஊசியால் குத்தினால் குத்திய இடம் மட்டும் நொறுங்கும். ஓடு முழுவதும் வெடிக்காது. வெளிச்சத்தை விட்டு ஆளை மறைக்கும் பொருளை எங்கள் மாவட்டத்துச் சேறு கோடிக்கணக்கில் விளைவித்தது என்பது இந்த வரலாற்றின் முதல் செய்தி.

நான் நிலாவெளியில் பிறந்து, இந்தப் பகுதிப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீடு திருகோணமலை – புல்மோட்டை வீதியோரம். அண்மையில் வீதிப் பக்கத்து யன்னல்களின் தெளிந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு மங்கல் கண்ணாடி போட்டோம். நகரத்துக் கடைகளில் அதைப் புரொஸ்டட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். எங்கள் வரிசையில் பல வீடுகளில் இப்போது இந்த மாற்றம் நடக்கிறது. என் பெற்றோர் காலத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒன்று எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தபோது, யன்னலின் வரலாற்றை வேலியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று விளங்கியது.

என் சிறுவயது நிலாவெளியில் வீட்டை மறைத்தது வேலி. தென்னோலையை நடுவே கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கிடுகாகப் பின்னுவார்கள். பின்னுவது பெண்களின் வேலை. நிழலில் காலை நீட்டிக்கொண்டு கதை பேசியபடியே கை தன் பாட்டில் பின்னும். வாடை மழை ஓய்ந்து தை பிறந்தபின் வேலியடைப்பு வரும். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்கள் தளிர்த்து நிற்கும். அவற்றில் வரிச்சுத்தடி கட்டி, கிடுகை இரண்டு வரிசையாகவோ மூன்று வரிசையாகவோ ஏற்றிக் கட்டுவார்கள். பனை கூடிய வளவுகளில் பனையோலை. கறையான் தின்ற பழைய கிடுகு தென்னையடிக்குப் பசளையாகும். இறக்கக்கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் இதே வேலி, இதே பருவம். ஆளுயரத்துக்கு மேல் வேலி நின்றதால் வீதியால் போகிறவருக்கு வீட்டுக் கூரையும் தென்னை வட்டும் மட்டுமே தெரியும்.

அந்த வேலியில் இரண்டு குணங்கள் சேர்ந்திருந்தன. காற்று அதற்குள்ளால் வந்தது, பார்வை வரவில்லை. உள்ளே இருப்பவர் விரும்பினால் ஓலையைச் சற்று விலக்கி வெளியே பார்க்கலாம். அடுத்த வளவோடு போக்குவரத்துக்கு ஒரு பொட்டு இருக்கும். கொத்தமல்லி கடன் வாங்கவும், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொண்டுபோகவும், சண்டை பிடித்துவிட்டுச் சமாதானம் பேசவும் அந்தப் பொட்டு வழிதான். யாரை மறைப்பது, யாருக்குத் திறப்பது என்பதை வேலி இடத்துக்கிடம் தீர்மானித்துக் கொடுத்தது.

இப்படி வளவு முழுவதும் மறைப்புக்குள் இருந்ததால் வீட்டு யன்னலுக்கு வேலை குறைவு. மண்சுவரோ சுண்ணாம்புச் சுவரோ, யன்னல் சிறியதாகவே இருந்தது. முதிரை அல்லது பாலை மரத்து நிலை, நெடுக்காக நாலைந்து மரக்கம்பி, உட்பக்கம் திறக்கும் இரண்டு பலகைக் கதவு. அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது. பகலில் வீட்டுக்குள் இருட்டாக, குளிர்மையாக இருக்கும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பலகைக் கதவை மூடிவிட்டு விறாந்தையில் படுப்போம். சமையல், நெல் காயவைத்தல், பிள்ளைகளின் படிப்பு, விருந்தாளி எல்லாம் விறாந்தையிலும் முற்றத்திலும். குளிப்பது கிணற்றடியில், அங்கே பெண்களுக்கென்று மூன்று பக்கம் கிடுகு மறைப்பு, மேலே வானம்.

கண்ணாடி இந்த மாவட்டத்துக்கு ஆட்சியாளரோடு வந்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றிய கோட்டையும் அதை அடுத்த கடற்படைத் தளமும்தான் இங்கே கண்ணாடி யன்னல் வைத்த கட்டடங்களின் மையம். இங்கிலாந்திலேயே அக்காலத்தில் அது எளிய பொருளாக இருக்கவில்லை. 1696 முதல் 1851 வரை யன்னல்களின் எண்ணிக்கைக்கு வீட்டு வரி இருந்தது. 1745 முதல் 1845 வரை கண்ணாடிக்கே தனித் தீர்வை. கண்ணாடித் தீர்வை நீங்கிய சில ஆண்டுகளில் தொழில் பெருகியது. 1851 லண்டன் கண்காட்சிக்கான பளிங்கு மாளிகையில் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன.

மங்கல் கண்ணாடி பெருகியதும் 19ஆம் நூற்றாண்டில்தான். 1847இல் கண்ணாடி உற்பத்தியாளர் ஜேம்ஸ் ஹார்ட்லி, உருகிய கண்ணாடியை நேரே உருளை கொண்டு தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கண்ணாடியில் உருளையின் தடம் பதிந்து, ஊடாகப் பார்க்க முடியாமல் மங்கலாக இருக்கும். விலை மலிவு என்பதால் புகையிரத நிலையக் கூரைகளுக்கு அதைப் போட்டார்கள். உருளையிலேயே பூவும் கொடியும் செதுக்கிவிட்டால் கண்ணாடியிலும் அவை பதியும் என்பது அடுத்த படி. எங்கள் வீடுகளில் பூக்கண்ணாடி என்று சொல்வது அந்த வழியில் வந்தது.

தெளிந்த கண்ணாடியைப் பிறகு மங்கலாக்கும் வழிகள் வேறு. கண்ணாடியை அரிக்கும் அமிலம் ஒன்று. புளோர்ஸ்பார் என்ற கனிமத்தோடு அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கிய சுவீடன் வேதியியலாளர் ஷீலே, தன் கண்ணாடிப் பாத்திரமே அரிபடுவதை 1771இல் எழுதிவைத்தார். மற்றது மணல். பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன், மணலை நீராவியாலும் அழுத்தக் காற்றாலும் வேகமாக வீசிக் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கும் முறைக்கு 1870இல் காப்புரிமை பெற்றார். கடற்கரை ஊரார் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் காற்றில் பல வருடம் நின்ற யன்னற் கண்ணாடி கீழ்ப்பகுதியில் மங்கிப் போவதைக் கண்டிருக்கிறோம். கண்ணாடியின் மேனி வழவழப்பாக இருந்தால் ஒளி நேரே போகும், உருவமும் கூடவே போகும். மேனியில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்தால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி உள்ளே வரும், உருவம் கலைந்துவிடும். தம்பலகாமத்துச் சிப்பியிலும் ஒளி சிதறித்தான் வருகிறது. அங்கே அந்த வேலையை ஓட்டின் அடுக்குகள் செய்கின்றன.

என் அப்பப்பா கடற்படைத் தளத்து டொக்யாட்டில் ஓடாவி வேலை செய்தவர். முதன்முதலில் மங்கல் கண்ணாடியைத் தொட்டது அங்கேதான் என்று சொல்வார்: வெள்ளைக்கார அதிகாரிகளின் குளியலறைக் கதவிலும் அலுவலகத் தடுப்பிலும். குளிக்கும் இடத்தை வீட்டுக்குள் வைத்தவர்களுக்குத்தான் அது தேவை என்று அவர் நினைத்தார். கிணற்றடியில் குளிக்கும் எங்களுக்கு எதற்கு?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்னர், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் காலத்து இருட்டடிப்பில் கண்ணாடி யன்னல் வைத்த வீடுகளுக்குத்தான் கறுப்புத் துணியும் கறுப்புத் தாளும் தேவைப்பட்டதாம். பலகைக் கதவு வைத்தவர்கள் சாத்திவிட்டுக் குப்பி விளக்கைத் தணித்தார்கள். அப்பப்பா இதைச் சொல்லும்போது பலகையின் பக்கம் நின்றே சொல்வார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தபோது டொக்யாட்டை நம்பி வாழ்ந்த பல குடும்பங்கள் வருமானத்துக்கு வழி தேடின. கண்ணாடி வெட்டவும் புட்டி பூசவும் அங்கே பழகியவர்கள் அந்தக் கைத்தொழிலைத் திருகோணமலை நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்பப்பாவும் அவர்களில் ஒருவர்.

1960களில் நிலாவெளியில் கல்வீடு கட்டியவர்கள் யன்னலைப் பெரிதாக்கினார்கள். ஆசிரியர் வீடு, தபால் உத்தியோகத்தர் வீடு, கடைக்காரர் வீடு என்று கண்ணாடி வந்தது. பலகைக் கதவின் நடுவே சிறு சதுரங்களாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. சில வீடுகளில் திருப்பித் திறக்கும் லூவர் தகடு. கதவின் மேல்பாதியில் பூக்கண்ணாடி. அது செல்வத்தின் அடையாளமாகவும் இருந்தது. செட்டிநாட்டு மாளிகைகளுக்கு ஐரோப்பாவில் இருந்து வண்ணக் கண்ணாடி வந்த காலத்தின் எதிரொலி எங்கள் சின்ன ஊரிலும் கேட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கிடைக்காமல் மட்டையும் தகரமும் அடித்த யன்னல்களை நான் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன். புல்மோட்டையில் இருந்து கரிய மணல் எங்கள் வீதியாலேயே போனது; அது இல்மனைற்று, கண்ணாடிக்கு ஆகாது. நாத்தாண்டியாவின் வெள்ளை மணல் போத்தலாகியது. யன்னற் கண்ணாடிக்குக் கப்பலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

1977க்குப் பிறகு வந்தது வேறு வகைக் கண்ணாடி. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். அலையில்லை, குமிழியில்லை. விளிம்பைப் பார்த்தால் மட்டும் மணலில் உள்ள இரும்பின் பச்சை தெரியும். நிலாவெளிக் கடற்கரையின் ஹோட்டல்கள் இந்தப் பெரிய தெளிந்த கண்ணாடியைக் கடல் பார்க்க வைத்தன. அதைப் பார்த்து ஊரும் ஆசைப்பட்டது.

அந்த ஆசை நிறைவேறுவதற்குள் போர் வந்தது. எண்பதுகளிலும் 1990இலும் நாங்கள் வீடுகளை விட்டு ஓடினோம். திரும்பிய போதெல்லாம் முதலில் காணாமற் போயிருந்தது வேலி, அடுத்தது யன்னல். பல வீடுகளில் நிலையையே கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். கிடுகு பின்ன ஆளில்லை, ஓலைக்கு மரமில்லை. நிவாரணத் தகரமும் பொலித்தீனும் வேலியாயின. தகரம் மறைத்தது, காற்றையும் சேர்த்தே மறைத்தது. பொலித்தீன் கட்டிய யன்னலில் வெளிச்சம் மங்கலாக வந்தது. கண்ணாடியில்லாமலே மங்கல் வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைகள் அவர்கள்.

2004 டிசம்பர் 26, பௌர்ணமி நாள் காலை, கடல் வந்தது. நிலாவெளியில் உயிரும் வீடும் போன கணக்கை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரியும். அதன்பின் வடக்கு, கிழக்கில் கரையில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். கடலோரத்து மக்கள் பலர் வீதியை நோக்கி நகர்ந்து, சிறு காணித் துண்டுகளில், ஒரே மாதிரி வரைபடத்து வீடுகளில் குடியேறினார்கள். 2009க்குப் பிறகு வீதி அகன்றது, வாகனம் பெருகியது, உல்லாசப் பயணிகள் புறாமலைத் தீவைப் பார்க்க வந்தார்கள். வேலிக்குப் பதில் மதில் வந்தது. கல்லின் விலையில் எல்லோராலும் ஆளுயர மதில் கட்ட முடியவில்லை, இடுப்பளவில் நின்றது. கிணற்றடி போய்க் குளியலறை வீட்டுக்குள் வந்தது. அலுமினியச் சட்டத்தில் தள்ளித் திறக்கும் பெரிய தெளிந்த கண்ணாடி, முன்னறையிலும் படுக்கையறையிலும்.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வேலி செய்த வேலையெல்லாம் யன்னலின் தலையில் விழுந்துவிட்டது. மங்கல் கண்ணாடி எங்கள் ஊருக்கு நாகரிகமாக வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கிடுகு வேலி விட்டுப்போன இடத்தை நிரப்ப அது வந்தது. குளியலறையில் முதலில் வந்ததும் அதனால்தான்: கிணற்றடியின் மூன்று பக்க மறைப்பு அங்கே கண்ணாடியாக மாறியது. டொக்யாட்டு அதிகாரிகளைப் பற்றி அப்பப்பா சொன்னது இப்போது எங்களுக்கே பொருந்துகிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்ய வந்தவர் நகரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. முழு யன்னலையும் மங்கலாக்கச் சொன்னேன். அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்து, விரலை நாக்கில் நனைத்துச் சொரசொரப்பான பக்கத்தில் வைத்தார். ஈரம் பட்ட இடம் தெளிந்தது. அதற்குள்ளால் முற்றத்து மாமரம் தெரிந்தது. அடுத்து ஒரு சிறு துண்டு செலோடேப்பை ஒட்டினார். அங்கேயும் அப்படியே தெளிந்தது.

“ரீச்சர், பள்ளத்துக்குள்ள தண்ணியோ பசையோ போய் நிரம்பினா மேனி திரும்பச் சமமாகிடும். அதனாலதான் குளியலறைக்கு வழவழப்பான பக்கத்தை உள்ளுக்கு விடுறது. வாடை மழை நேரே அடிக்கிற பக்கமெண்டா இது சரிவராது, பூக்கண்ணாடிதான் போடோணும். அது நனைஞ்சாலும் பூ போகாது.”

“அப்ப வீதிப் பக்கம்?”

“சொரசொரப்பை உள்ளுக்கு விடுவம். வெளியில விட்டா உப்புக்காத்து ஏறிப் பிடிச்சிடும், துடைச்சாலும் போகாது. ஆனா முழுக்கப் போடாதீங்க. கீழ்ப்பாதி போதும். முழுக்கப் போட்டா வானம் தெரியாது, மழை வருதோ எண்டு பார்க்கவும் வெளியில வரோணும்.”

அவர் சொன்னபடியே செய்தோம். பழைய புட்டி கல்லாகியிருந்தது. உளியால் சிறிது சிறிதாகக் கொத்தி எடுத்தார். நிலை அப்பப்பா இழைத்த முதிரை. ஒரு கறையான் துளைகூட இல்லை. 5 மில்லிமீற்றர் கண்ணாடியை, சட்டத்தின் அளவை விட நாற்புறமும் சிறிது குறைத்து, வழவழப்பான பக்கத்தில் வெட்டினார். சொரசொரப்பில் வெட்டுச் சில்லு ஒழுங்காக ஓடாது, கோடு விட்டுவிட்டு விழும் என்றார். மண்ணெண்ணெய் தொட்ட சில்லு ஒரே இழுப்பில் கீறிப்போக, மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினார். கோட்டின் வழியே பிரிந்தது. நடுவே ஒரு மரக்குறுக்கு வைத்து, கீழே மங்கல், மேலே பழைய தெளிந்த கண்ணாடி. போகும்போது இன்னொன்றும் சொன்னார்: இரவில் உள்ளே விளக்கு எரிந்தால், மங்கல் கண்ணாடிக்குக் கிட்ட நிற்பவரின் நிழல் வெளியே தெளிவாக விழும், விலகி நின்றால் கரைந்துவிடும். ஆகவே படுக்கையறைத் திரைச்சீலையைக் கழற்றிவிடக் கூடாது.

பகலில் அந்த அறையில் இப்போது விளக்குப் போடாமலே புத்தகம் வாசிக்க முடிகிறது. வீதியால் போகிறவருக்கு நான் வாசிப்பது தெரியாது. மேல்பாதியால் தென்னையும் முகிலும் தெரிகின்றன. ஆனால் எங்கள் வரிசையில் சில வீடுகள் திறக்காத பெரிய சட்டங்களில் முழு மங்கல் போட்டுவிட்டு, பகலில் மின்விளக்கும் மின்விசிறியும் ஓட, மின்கட்டணத்தைப் பற்றிப் புலம்புகின்றன. மறைப்புக் கிடைத்தது; காற்றுப் போய்விட்டது. கிடுகு வேலி இரண்டையும் ஒன்றாகத் தந்தது என்பதை நாங்கள் மறந்ததுதான் காரணம். இங்கே காற்றின் பலத்தையும் மறக்கக்கூடாது: 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தது. காற்று மாறி மாறி வீசும் கரை இது. பாதி பலகையும் பாதி கண்ணாடியுமாக யன்னல் செய்த பழைய ஓடாவிகளுக்கு அந்தக் காற்றைப் பற்றிய கணக்கு இருந்தது. வரைபடத்தைக் கொழும்பில் போட்டுக் கொண்டுவரும் இன்றைய ஒப்பந்தக்காரரிடமும் அந்தக் கணக்கை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மாவட்டத்து ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருகோணமலை வரலாறு என்றால் கோட்டை, கோணேசர் கோயில், எண்ணெய்த் தாங்கி என்று நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளைத் தம்பலகாமக் குடாவுக்குக் கூட்டிப்போய் அந்தச் சிப்பி ஓட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடுகு பின்னத் தெரிந்த அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வேலியடைப்பை எழுதி வையுங்கள். கண்ணாடி வெட்டும் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். எந்தக் காலத்தில் எந்தக் கண்ணாடி ஊருக்கு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், இருக்கிற கண்ணாடியை மாற்ற நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது சுருக்கமானது. வீதிப் பக்கத்தில் கீழ்ப்பாதியை மட்டும் மங்கலாக்குங்கள். முற்றத்துப் பக்கத்தைத் தெளிவாக விடுங்கள். மழை அடிக்கும் குளியலறைக்குப் பூக்கண்ணாடி போடுங்கள். எந்தக் கண்ணாடி போட்டாலும் அதைத் திறக்கிற யன்னலில் போடுங்கள்.